மும்பை துறைமுகம்: ராஜாவுக்குக் கட்டிய வாசல், மக்கள் கூடும் முற்றம்!

ஒரு ராஜா வந்து இறங்கியதன் நினைவாக ஒரு வாசல் கட்டினார்கள். ராஜா வந்த நாளில் அந்த வாசல் அங்கே இல்லை. வாசல் எழுந்து 24 ஆண்டு நிறைவதற்குள், ராஜாவின் படை அதே வாசல் வழியாக வெளியேறியது!

அதுதான் மும்பை துறைமுகத்தில் நிற்கும் "கேட்வே ஆப் இந்தியா". "இந்தியாவின் நுழைவாயில்" என்பது அதன் பொருள்.

மும்பைக்குப் போகிறவர்கள் இந்தத் துறைமுகத்தைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. ஒரு நாள் ஒதுக்கினால் போதும். குடும்பத்தோடு பார்த்துவிடலாம்.

சீதனமாகப் போன ஊர்

மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவுகளாக இருந்தது. அங்கே மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் கோலி இன மக்கள். அவர்கள் வணங்கிய தெய்வம் மும்பாதேவி. அந்த அம்மன் பெயர்தான் ஊருக்கு வந்தது.

பிறகு தீவுகள் போர்ச்சுகீசியர் கைக்குப் போயின. 1661-ம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு இளவரசி காதரினை, இங்கிலாந்து மன்னர் 2-ம் சார்லசுக்குப் பேசி முடித்தார்கள். பெண் வீட்டார் கொடுத்த சீதனத்தில் பம்பாயும் ஒன்று!

மன்னருக்கு அதன் அருமை தெரியவில்லை. 1668-ல் ஆண்டுக்கு 10 பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்.

கம்பெனிக்கு அருமை தெரிந்திருந்தது. மேற்கே தீவுகள். கிழக்கே பெருநிலம். நடுவே ஆழமான கடல். வெளிக்கடல் கொந்தளித்தாலும் கப்பல்கள் இங்கே பத்திரமாக நிற்கலாம். மனிதன் கட்டாத துறைமுகம் அது.

அட்டையில் செய்த வாசல்

1911-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி மன்னர் 5-ம் ஜார்ஜும், ராணி மேரியும் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் பார்த்தது அட்டையில் செய்த மாதிரி வாசலைத்தான்.

1913-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜார்ஜ் விட்டெட் என்ற கட்டிடக் கலைஞர் வரைபடம் தயாரித்தார். சுமார் 85 அடி உயரம். மஞ்சள் நிறக் கருங்கல் வேலை. 1924-ம் ஆண்டு டிசம்பரில் திறப்பு விழா நடந்தது.

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. 1948-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி, இந்தியாவில் இருந்த கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இந்த வாசல் வழியாக அணிவகுத்துச் சென்று கப்பல் ஏறியது.

இன்று அதே இடத்தில் குழந்தைகள் புறாக்களைத் துரத்தி விளையாடுகிறார்கள். எதிரே குதிரை மேல் கம்பீரமாக அமர்ந்திருக்கிறார் சத்ரபதி சிவாஜி. பக்கத்தில் 1903-ல் திறக்கப்பட்ட தாஜ்மகால் ஓட்டல். 2008-ம் ஆண்டு நவம்பரில் கடல் வழியாக வந்த பயங்கரவாதிகள் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

மாலுமிகள் மூட்டிய தீ

வாசலுக்குப் பின்னால் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து எலிபெண்டா தீவுக்கு மோட்டார் படகில் போகலாம். சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

வழியில் கடற்படையின் போர்க்கப்பல்களைப் பார்க்கலாம். அருகில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில், வாடியா என்ற பார்சி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தேக்கு மரக் கப்பல்களைக் கட்டினார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் "டிரிங்கோமலி". நம் திருகோணமலையின் பெயர்தான்! 1817-ல் கட்டிய அந்தக் கப்பல் இங்கிலாந்தில் இன்னும் மிதக்கிறது.

இந்தத் துறைமுகத்தில்தான் 1946-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோசமான சாப்பாடும், வெள்ளை அதிகாரிகளின் ஏச்சும் அவர்களைக் கொதிக்க வைத்தன. காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்டு கொடிகள் கப்பல்களில் ஒன்றாகப் பறந்தன. மற்றத் துறைமுகங்களுக்கும் அது பரவியது. சர்தார் பட்டேல் கேட்டுக்கொண்டதன் பேரில் மாலுமிகள் போராட்டத்தை முடித்தார்கள். ஆனால் இந்தியப் படைகளை நம்பி இனி ஆள முடியாது என்பது பிரிட்டிஷாருக்குப் புரிந்துவிட்டது.

மலைக்குள் ஒரு கோவில்

தீவின் பழைய பெயர் காராபுரி. அங்கே ஒரு பெரிய கல் யானை நின்றது. அதைப் பார்த்துத்தான் போர்ச்சுகீசியர் "எலிபெண்டா" என்று பெயர் வைத்தார்கள்.

அந்த யானை இப்போது தீவில் இல்லை. 1864-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றார்கள். தூக்கும்போது யானை விழுந்து உடைந்தது! துண்டுகளைப் பிறகு ஒன்று சேர்த்தார்கள். இன்று மும்பை பைகுல்லாவில், மிருகக்காட்சி சாலை அருகே அது நிற்கிறது.

படிக்கட்டில் ஏறினால் குகைக் கோவில் வரும். மாமல்லபுரத்துக் குடைவரைகளைப் போல இதுவும் மலையைக் குடைந்து செய்தது. ஆனால் அளவில் மிகப் பெரியது. தூண்கள், சுவர்கள், சிலைகள் எல்லாம் ஒரே பாறை. ஆறாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

உள்ளே, சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முகம் கொண்ட சிவபெருமான். ஒரு முகத்தில் கோபம். ஒரு முகத்தில் பெண்மையின் கனிவு. நடு முகத்தில் அமைதி. இருட்டில் சற்று நேரம் நின்றால்தான் கண்ணுக்குப் பழகும். பழகிய பிறகு அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது!

அர்த்தநாரீசுவரர், பார்வதி கல்யாணம், கயிலையைத் தூக்கும் ராவணன் ஆகிய சிற்பங்களும் உண்டு. பலவற்றில் கை கால்கள் உடைந்துள்ளன.

உலகம் முழுவதும் இருந்து மக்கள் வந்து பார்க்கும் இந்தத் தீவுக்கு, கடலுக்கு அடியில் கம்பி போட்டு நிரந்தர மின்சாரம் வந்தது 2018-ல்தான். எதிர்க்கரையில் மும்பை விளக்குகள் ஜொலித்தபோது, இங்குள்ள மூன்று சிற்றூர் மக்களும் மின்சாரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பறந்து வந்த தங்கம்

துறைமுகத்தின் வடபகுதியில் விக்டோரியா டாக் இருந்தது. 1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி அங்கே "போர்ட் ஸ்டிகின்" என்ற கப்பல் நின்றது. உள்ளே பஞ்சு மூட்டைகள், சுமார் 1,400 டன் வெடிபொருள், தங்கக் கட்டிகள்!

மதியம் பஞ்சில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் ஓடி வந்தார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டே நின்றார்கள். மாலை 4 மணிக்குச் சற்றுப் பின்னர் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கான பேர் மாண்டார்கள். தீயணைப்பு வீரர்கள் மட்டும் 60 பேருக்கு மேல்.

தங்கக் கட்டி ஒன்று தொலைவில் இருந்த ஒரு பார்சிக்காரர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அவர் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்.

ஏப்ரல் 14-ந்தேதி நாடு முழுவதும் தீயணைப்புப் படையினர் தினமாக அனுசரிக்கப்படுவது, உயிர் கொடுத்த அந்த வீரர்களின் நினைவாகத்தான்.

போகிறவர்கள் கவனிக்க

திங்கட்கிழமைகளில் குகைக்கு விடுமுறை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு போகாது. தீவில் குரங்குகள் அதிகம். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி, எலிபெண்டாவுக்குச் சென்ற பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே உயிர்காக்கும் மேலங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். முதலில் குழந்தைகளுக்குப் போடுங்கள்.

விடியற்காலையில் எழக்கூடியவர்கள் கொலாபாவில் உள்ள சசூன் டாக்கையும் பார்க்கலாம். 1875-ல் திறந்த துறை அது. படகுகள் வந்ததும் மீன் கூடைகள் இறங்கும். கோலிப் பெண்களின் ஏலக்குரல் காதைத் துளைக்கும்.

சீதனமாகப் பெற்றவர்கள் போனார்கள். குத்தகைக்கு எடுத்தவர்கள் போனார்கள். வாசல் கட்டியவர்களும் போனார்கள். யாரும் வருவதற்கு முன்பே இந்தக் கடலில் வலை வீசிய கோலிகள், இன்றும் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள்!