நிலாவைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகள்

“அம்மா, நிலாவைத் தொடலாமா?”

முற்றத்தில் சோறூட்டும் நேரத்தில் பிள்ளை இப்படிக் கேட்டால், “பேசாமல் சாப்பிடு” என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில். ஆனால், “தொடலாம்” என்று பதில் சொன்ன இடமொன்று உண்டு. அமெரிக்காவின் வொஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி நூதனசாலைதான் அது. 1976 ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டபோது, சந்திரனிலிருந்து 1972 இல் அப்பலோ 17 வீரர்கள் கொண்டுவந்த கல்லின் ஒரு துண்டை எல்லோரும் விரலால் தொட்டுப் பார்க்கும்படி வைத்தார்கள். அதன் வயது ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகள்!

ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த எண் விளங்காது. விளங்க வேண்டியதுமில்லை. நிலா வெறும் வெளிச்சமல்ல, கல்லும் மண்ணும் உள்ள ஓர் இடம் என்பது அதன் விரலுக்கு விளங்கிவிடும். சிறு பிள்ளைகள் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கையாலும் கண்ணாலும் கற்பதே அதிகம்.

அதே நூதனசாலையில், 1969 இல் மூன்று வீரர்கள் சந்திரனுக்குச் சென்று திரும்பிய ‘கொலம்பியா’ விண்கலம் இருக்கிறது. அதன் அகலம் 4 மீற்றருக்கும் குறைவு. பூமிக்குத் திரும்பும்போது பட்ட கடும் வெப்பத்தின் அடையாளம் அதன் வெளிப்புறத்தில் தெரிகிறது. உள்ளே சுவரில் வீரர்கள் கையால் வரைந்த சிறு நாட்காட்டியும் உண்டு. பயண நாட்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் நாள் எண்ணும் நம் பிள்ளைகளைப் போலத்தான் அவர்களும்!

தாய்மார் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இன்னொன்று, நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் அணிந்திருந்த விண்வெளி உடை. 21 அடுக்குகள் கொண்ட அந்த உடையைத் தைத்தவர்கள் பெண்கள். அதற்கு முன் பெண்களின் உள்ளாடைகளைத் தைத்துவந்த நிறுவனத்தின் தையற்காரிகள் அவர்கள். தையல் சற்றுப் பிசகினாலோ, குண்டூசி ஒன்றை உள்ளே மறந்துவிட்டாலோ ஓர் உயிர் போய்விடும் என்பதை அறிந்தே அவர்கள் தைத்தார்கள். வீட்டிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தாயின் பிள்ளைக்கு இது சொல்லப்பட வேண்டாமா? விண்வெளி என்பது வீரர்களின் துணிவு மட்டுமல்ல, பெயர் தெரியாத பல கைகளின் பொறுமையும்தான்.

ரைட் சகோதரர்களின் விமானமும் அங்குள்ளது. 1903 இல் அதன் முதற் பறப்பு நீடித்தது வெறும் 12 விநாடிகள். பிள்ளையுடன் சேர்ந்து பன்னிரண்டு வரை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிப்பதற்குள் அது தரையிறங்கிவிட்டது! அதிலிருந்து 66 ஆண்டுகளில் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். முதல் முயற்சி சிறிதாக இருப்பது வெட்கமல்ல என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

இத்தகைய இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது எல்லாவற்றையும் காட்டிவிட அவசரப்படாதீர்கள். மூன்று பொருட்கள் போதும். “இது என்ன தெரியுமா?” என்று பரீட்சை வைக்காமல், “இது எதற்காக இருக்கும் என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். “விண்வெளியில் எப்படி மலசலகூடம் போவார்கள்?” என்று பிள்ளை கேட்டால் சிரித்து அடக்காதீர்கள். அங்கு எல்லாம் மிதப்பதால், காற்றால் உறிஞ்சி எடுக்கும் கருவி இருக்கிறது என்று சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், “இருவரும் தேடிப் பார்ப்போம்” என்பதே நல்ல பதில். வீட்டுக்கு வந்ததும் கண்டதைச் சித்திரமாக வரையச் சொல்லுங்கள்.

வொஷிங்டன் நமக்குத் தொலைவுதான். ஆனால் விண்மீன்களையும் கோள்களையும் குவிமாடக் கூரையில் காட்டுவதற்காக 1965 இல் அமைக்கப்பட்ட கோள்மண்டலம் கொழும்பில் இருக்கிறது. காட்சி நேரங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். அதுவும் இயலாதோருக்கு முற்றம் இருக்கவே இருக்கிறது. வளர்பிறை தொடங்கியது முதல் பௌர்ணமி வரை, நிலா தெரியும் ஒவ்வொரு மாலையும் அதன் வடிவத்தைப் பிள்ளை ஒரு கொப்பியில் வரையட்டும்.

அடுத்த முறை “நிலாவைத் தொடலாமா?” என்று கேட்டால், சோற்றுக் கிண்ணத்தைச் சற்றுக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.