உங்களுக்குத் தெரியுமா? இட்லிப்பூவின் பெயரில் ஈசுவரன்!

வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும் இட்லிப்பூச் செடிக்குத் தாவரவியலில் ‘இக்ஸோரா காக்சீனியா’ என்று பெயர். ‘காக்சீனியா’ என்றால் செந்நிறம். ‘இக்ஸோரா’ எங்கிருந்து வந்தது? நம் ‘ஈசுவர’னிடமிருந்துதான்!

மலையாளக் கரைக்கு வந்த போர்த்துகீசியர், ஈசுவரன் என்ற பெயரைத் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். அவர்கள் மொழியில் ‘எக்ஸ்’ எழுத்துக்குப் பல சொற்களில் ‘ஷ’ ஒலி. ஆக, அவர்கள் எழுதியது ‘இஷோரா’. மற்ற ஐரோப்பியர் அதையே ‘இக்ஸோரா’ என்று படித்தார்கள். சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர நூலில் அந்தப் பெயரே நிலைத்தது. இறைவனுக்குச் சாத்தும் பூ என்பதால் இறைவன் பெயரையே பெற்றது. எத்தனை அழகான பொருத்தம்!

மலையாளத்தில் இது செத்தி, தெச்சி. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்தூஸ் மலபாரிக்கஸ்’ தாவர நூலிலும் செத்தி என்ற பெயர்தான்.

தமிழில் இதன் பழம்பெயர் வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர்கள் சூடிய பூ இது. தொல்காப்பியம் புறத்திணைகளில் முதலாவதாகச் சொல்வதும் வெட்சித் திணையையே.

ஆண்டு முழுதும் பசுமை மாறாத இந்தப் புதர்ச்செடி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. காப்பிச் செடியும் இதே குடும்பம்தான். நீண்ட மெல்லிய குழலும் நான்கு இதழ்களும் கொண்டது பூ. குழலின் அடியில் தேன் ஊறும். காம்பைக் கிள்ளி அதை உறிஞ்சிப் பார்க்காத பிள்ளைகள் நம் ஊர்ப்பக்கம் குறைவு.