கடவுச்சொல் சரி, சர்வர் ஏன் மறுக்கிறது?

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடித்தீர்கள்; ஆனாலும் அலுவலக சர்வர் உள்ளே விடவில்லை. பதிவில் கெர்பரோஸ் பிழை 37 என்றிருந்தால், கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. கோளாறு கடிகாரத்தில்!

ஏன்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980களில் பிறந்த கெர்பரோஸ் முறையில், உள்நுழையும்போது கடவுச்சொல் நெட்வொர்க்கில் பயணிப்பதே இல்லை. அதிலிருந்து உருவாகும் சாவியால் அப்போதைய நேரத்தைப் பூட்டி அனுப்புகிறது கணினி. அதை எவராவது ஒட்டுக்கேட்டு, பிறகு மறுபடி அனுப்பினால்? நேரம் பழசாகியிருக்கும்; சர்வர் தள்ளிவிடும். வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்வரை பொறுத்துக்கொள்ளும்.

திரையில் தெரியும் மணி சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனாலும் ஏமாறாதீர்கள். ஒப்பிடப்படுவது உலகப் பொது நேரம். நேர மண்டலம் தவறாக இருந்தால் கணக்கு மணிக்கணக்கில் பிசகும். பழைய கணினிகளில் கடிகாரத்தை ஓடவைக்கும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோவதும் உண்டு.

மற்ற எண்கள் எளிது. 18 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 6 என்றால் அப்படியொரு பயனரே இல்லை. (ஓட்டைவாய் எண் இது, எந்தப் பெயர் உண்டு, எது இல்லை என்று திருடனுக்கும் சொல்லிவிடும்.) 24 என்றால் கடவுச்சொல் தவறு. அது ஓயாமல் வந்தால், வேறொரு கணினியில் உங்கள் பழைய கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.