மாத்திரை முதலில், சோதனைக்குழாய் கடைசியில்!

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை இருந்தால் தாய்மை வாய்க்காது என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது தவறு. இவை உண்மையில் கட்டிகளே அல்ல; வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். முட்டை இல்லாமை அல்ல, அது மாதந்தோறும் வெளிவராமையே சிக்கல்.

உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. அடுத்த படி லெட்ரோசோல் மாத்திரை. 750 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதை உட்கொண்டோரில் 27.5 சதவீதத்தினர் குழந்தை பெற்றனர். பழைய மருந்தான குளோமிஃபீனில் அது 19.1 சதவீதமே. இந்தியாவில் 2011-இல் கருத்தரிப்பு சிகிச்சைக்குத் தடை செய்யப்பட்ட லெட்ரோசோல், 2017-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

மாத்திரை பலனளிக்காவிட்டால் ஹார்மோன் ஊசி அல்லது லேப்பராஸ்கோப்பி. வேறு குறைபாடு இல்லாதபோது, சோதனைக்குழாய் முறை இவற்றுக்கும் பின்னரே. 2023-ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறும் வரிசையும் இதுவே.

மருத்துவச் சந்தையில் விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறிவதில்லை என்று 1963-இலேயே சுட்டிக்காட்டினார் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ. அந்த இடைவெளியைக் கேள்விகளால்தான் குறைக்க முடியும். கருக்குழாய் அடைப்பின்றி உள்ளதா? கணவரின் விந்தணு பரிசோதிக்கப்பட்டதா? மாத்திரைக்குப் போதிய வாய்ப்பளித்தாயிற்றா? நகையை அடகு வைத்துச் சோதனைக்குழாய் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன், இம்மூன்றுக்கும் மருத்துவரிடம் விடை பெறுவது தம்பதியரின் உரிமை.