நூலக இதழ்கள் ஆன்லைனுக்கு மாறுது: சந்தா நின்றால் என்ன ஆகும்?

பல்கலைக்கழக நூலகங்களில் அலமாரியில் இருந்த ஆராய்ச்சி இதழ்கள் ஒவ்வொன்றாக கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

இதற்கான ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2024-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு ரூ.6 ஆயிரம் கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13 ஆயிரம் இதழ்களை மத்திய, மாநில அரசு கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். காந்திநகரில் உள்ள இன்பிலிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

மாணவர்களுக்கு லாபம்தான். ஒரே இதழை ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம். ‘பைண்டிங்குக்கு போயிருக்கு’ என்ற பதில் கிடையாது.

சிக்கல் எங்கே?

காகித இதழை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. அடுத்த ஆண்டு சந்தா கட்டாவிட்டாலும் பழையது அலமாரியில் இருக்கும். ஆன்லைனில் கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் உரிமை மட்டுமே. பணம் நின்றால் கதவை சாத்திவிடுவார்கள். பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களை பிறகும் பார்க்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தால்தான் தப்பிக்கலாம்.

எனவே பழைய தொகுதிகளை எடைக்கு போடும் முன்பு 3 விஷயம் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இதழ்கள் ஆன்லைனில் முழுசாக இருக்கிறதா? சந்தா முடிந்த பிறகும் திறக்குமா? வேறு நூலகத்தில் ஒரு பிரதியாவது உண்டா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், இடத்தை அடைத்தாலும் அந்த தொகுதி அலமாரியிலேயே இருக்கட்டும்.