மறைந்த வாத்தியங்கள் – 7: விரலுக்கு வளைந்த குழல்

குழலின் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமா? நீளத்தை இரட்டிப்பாக்கு. கணக்கு அவ்வளவுதான்; வில்லங்கம் விரல்களில் இருக்கிறது. சாதாரண கிளாரினெட் சுமார் 66 சென்டிமீட்டர். அதை 130 ஆக்கினால் துளைகளும் அதே அளவுக்கு விலகிப் போகும். வாசிப்பவர் கையோ அதே ஒரு சாண்தான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் அங்கோனாவை அடுத்த கியாரவல்லேயில் நிக்கோலா பாப்பாலினி செய்த மந்தர கிளாரினெட்டைப் பார்ப்பவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள். பாம்பு நெளிந்த மாதிரி ஒரு மரத்துண்டு. ஆனால் அந்த நெளிவு அலங்காரத்துக்கு வந்ததல்ல. குழல் இப்படியும் அப்படியும் மடிந்து வருவதால், எட்டாத தூரத்தில் இருக்க வேண்டிய துளைகள் விரலடியில் வந்து நிற்கின்றன. எட்டாத துளையை மூட மற்றவர்கள் நீண்ட சாவிகளைப் பூட்டினார்கள். இவர் குழலையே கிட்டே இழுத்துக்கொண்டார். சாவிகள் சிலவே, மற்ற துளைகளுக்கு வெறும் விரல்தான்.

சரி, வளைந்த மரத்துக்குள் துளை போடுவது எப்படி? துரப்பணம் நேராகத்தான் போகும். ஆகவே பேரி மரத்தில் இரண்டு பாதிகள். ஒவ்வொன்றிலும் அரைவட்ட வாய்க்காலைக் குடைந்து, இரண்டையும் பொருத்தி ஒட்டிவிடுவது. செர்பென்ட் என்ற பழைய ஊதுகருவியையும் இப்படித்தான் செய்தார்கள்.

ஆனால் செர்பென்ட் போகப்போக விரியும் குழல். கிளாரினெட்டின் உள்துளை பெரும்பாலும் ஒரே விட்டமாக ஓட வேண்டும். அதன் குணமே அதில்தான் இருக்கிறது. நாதஸ்வரம் கூம்பு, மூச்சை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். கிளாரினெட் ஸட்ஜத்தில் இருந்தால் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவும். நாதஸ்வரத்தைவிடக் குட்டையாக இருந்தும் அதைவிடக் கீழே இறங்குவதும் இதனால்தான். எனவே பாப்பாலினியின் இரு வாய்க்கால்களும் ஒவ்வொரு வளைவிலும் பிசகாமல் பொருந்த வேண்டும். நெடுகிலும் ஓடும் ஒட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் காற்று கசியும். போதாததற்கு வாசிப்பவரின் மூச்சு ஈரம் வேறு. இதை உளியால் சாதித்த கைக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும்!

எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதற்குக் காரணம் அந்தப் பிடிவாதம்தான். அதற்கு வாரிசு இல்லை. அதே இத்தாலியில் கத்தெரினோ கத்தெரினி, பசூன் போல மடித்த 'கிளிசிபாரிஃபோனோ'வைச் செய்தார். கிரேக்கத்தில் இனிமை, ஆழம், குரல் என்ற மூன்று சொற்களின் கூட்டு அந்தப் பெயர். 1834இல் வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கில் மெர்கதாந்தேயின் 'எம்மா தி அந்தியோக்கியா' ஆப்பராவில் மந்தர கிளாரினெட்டுக்குத் தனி வாசிப்பே கிடைத்தது.

நான்கே ஆண்டுகளில், 1838இல், அடால்ஃப் சாக்ஸ் குழலை மறுபடி நிமிர்த்தினார். துளைகளை ஒலிக்கு எங்கே தேவையோ அங்கே பெரிதாகத் திறந்தார். மூடும் வேலையைச் சாவிகளிடம் விட்டார். இன்றைய பேஸ் கிளாரினெட் அந்த வழியில் வந்தது. பாப்பாலினியின் கருவி ஒன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

(அடுத்த வாரம்: சாக்ஸின் பட்டறை)