பதினாறு ஆண்டு விண்மீனும் மூன்று ஆண்டு வேலையும்

வானியற்பியலாளர் என்றதும் இரவெல்லாம் தொலைநோக்கியில் கண்வைத்திருப்பவரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவருடைய பொழுது பெரும்பாலும் கணினியின் முன்தான் கழிகிறது. தரவிலிருந்து இரைச்சலைப் பிரிக்க வேண்டும், பிழையின் அளவைக் கணக்கிட வேண்டும், நிரல் எழுத வேண்டும், வகுப்பும் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மூன்றாம் சுற்றுக்கு 2023இல் வந்த விண்ணப்பங்கள் 1,931. பெரும்பாலானவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்தச் சுமையைக்கூட விரும்பியே ஏற்கிறார்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: வானம் கேட்கும் காலத்துக்கும் இவர்களுக்குக் கிடைக்கும் வேலைக் காலத்துக்கும் பொருத்தமே இல்லை.

பால்வெளியின் மையத்தில் கருந்துளை இருப்பதை எப்படிக் கண்டறிந்தார்கள் என்று பாருங்கள். ரைன்ஹார்ட் கென்சலின் குழு 1990களின் தொடக்கத்திலிருந்து சிலி நாட்டிலும், ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு 1995 முதல் ஹவாயின் கெக் தொலைநோக்கிகளிலும் அந்த மையத்தை விடாமல் படம்பிடித்தன. இடையிலுள்ள தூசியைக் கடந்துவரும் அகச்சிவப்பு ஒளியே அவர்களுக்குத் துணை. அங்கே எஸ்2 என்ற விண்மீன் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆகின்றன. பாதையின் அளவும் சுற்றும் காலமும் தெரிந்துவிட்டால் நடுவிலுள்ள பொருளின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். அது சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை. அவ்வளவும் மிகச் சிறிய இடத்துக்குள், கண்ணுக்குத் தெரியாமல். இதற்காக 2020இல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். முனைவர் பட்டம் முடித்த இளைஞருக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணியோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான். எஸ்2 ஒரு சுற்றை முடிப்பதற்குள் அவர் ஐந்தாறு முறை வேலை தேட வேண்டியிருக்கும், பலமுறை நாடும் மாற வேண்டியிருக்கும்.

மக்களின் வரிப்பணம் செலவாகும்போது போட்டி இருக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் போட்டி ஆய்வுத் திட்டங்களுக்கு இடையே இருக்கட்டும். ஹபிள் தொலைநோக்கிக்கான விண்ணப்பங்களை 2018 முதல் பெயரை மறைத்தே மதிப்பிடுகிறார்கள். அந்த முதல் சுற்றிலேயே பெண்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. திட்டத்தை எவ்வளவு கடுமையாகவும் சோதிக்கலாம், அதற்காக ஆய்வாளரின் பிழைப்பை ஊசலாட விட வேண்டியதில்லை. குழு நிலைத்திருந்தால் போதும், ஆட்கள் மாறலாம் என்ற வாதமும் உண்டு. ஆனால் கருவியின் நுணுக்கங்களில் பாதி ஏட்டில் ஏறுவதே இல்லை, பழகியவரோடு போய்விடுகின்றன. நிலைத்த பணியின் பலனுக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வகமே சான்று. அங்கே 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அங்கே தலைமுறை தலைமுறையாக எடுத்த ஒளிப்படத் தகடுகள் இன்று எண்ணிம வடிவம் பெற்று, சூரியனின் நீண்டகால மாற்றங்களை ஆராயப் பயன்படுகின்றன. நிலையான ஆய்வகமும் நிலையான பணியாளர்களும் இல்லாமல் அப்படியொரு தொடர் கிடைத்திருக்காது. புதிய தொலைநோக்கிக்குக் கோடிகளை ஒதுக்கும் அரசுகள், அதோடு சேர்த்தே நிரந்தரப் பணியிடங்களையும் அறிவிக்க வேண்டும்.